சுல்தானுக்கு உண்ணி பிடித்த வருஷம்

புனே வானவடியில் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அபயாம்பாள் என்று கேட்டால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது. 'சோவளே மாவ்ஷி' என்று கேட்டால் உடனே இரண்டாம் மாடியைக் கைகாட்டுவான். சோவளே என்பது நம் மடிக்கு மராட்டியில் பேர். மடி மாமி என்று சொல்கிற மாதிரிதான்.

கும்பகோணத்துப் பெண். இருபத்திரண்டு வயசில் பேங்க் வேலை கிடைத்துப் புனே வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். கல்யாணம் அமையவில்லை. அமையாததில் மற்றவர்களுக்கு இருந்த வருத்தம் அவளுக்கு இல்லை. கேம்ப் கிளையில் கவுன்ட்டரில் உட்கார்ந்து முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, பேங்குக்காரர்கள் எல்லாரும் விருப்ப ஓய்வு வாங்கின அந்த அலையில் அவளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகு மடி இன்னும் கூடிப்போனது. விடியற்காலையில் குளித்து, முந்தின நாள் தனியாக உலர்த்தின புடவையைக் கொடியிலிருந்து குச்சியால் எடுத்துக் கட்டிக்கொண்டுதான் அடுக்களைக்குள் போவாள். பூஜையும் சமையலும் முடிகிறவரை யாரும் அவளைத் தொடக்கூடாது. தொடுவதற்கு வீட்டில் வேறு ஆளே கிடையாது என்பதை அவள் யோசித்ததில்லை.

அவளை யாருக்கும் பிடிக்காது என்று சொல்ல முடியாது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சக்லியும் லட்டும் கொண்டுவந்து தருவார்கள். வாசற்படியிலேயே நின்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். உள்ளே வாருங்கள் என்று மட்டும் வாயில் வராது. வருஷங்கள் போகப் போக, மற்றவர்களும் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் அவளுடைய பால்கனிச் செம்பருத்தி திருடுபோக ஆரம்பித்தது. அடுக்குச் செம்பருத்தி, ஆசையாக வளர்த்தது. சாயங்காலம் மொட்டு எண்ணி வைத்திருப்பாள். காலையில் பூப்பறிக்கப் போனால் காம்பு மட்டும் நிற்கும். கீழ்வீட்டுக் குழந்தைகள் மேல் சந்தேகப்பட்டு, ஒருநாள் குளித்த கையோடு பால்கனிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

மேல்மாடியிலிருந்து ஜன்னல் கம்பி வழியாக முதலில் ஒரு நீளமான வால் இறங்கியது. அப்புறம் பச்சையாக ஒரு காலும், முதுகு பூராவும் சீப்புப் பல் மாதிரி முள்ளும், தொண்டையில் பை மாதிரி தொங்கும் தோலுமாக ஒரு ஜந்து வந்து தொட்டியில் குதித்து, பூவை வாயில் கவ்வி, மெதுவாக, ரசித்து மெல்ல ஆரம்பித்தது.

"ஐயையோ, உடும்பு! உடும்பு!"

அந்தக் குரலுக்கு எதிர்க்கட்டடத்திலேயே நாலு ஜன்னல் திறந்தது. மேல்மாடியிலிருந்து ஓர் இளைஞன் பனியனோடு ஓடிவந்து வாசல் மணியை அடித்தான். கதவைத் திறந்தவள், அவன் உள்ளே வராமல் இருக்க வேண்டுமே என்று ஒரு கையால் மறித்துக்கொண்டு, மறு கையால் பால்கனியைக் காட்டினாள்.

"பயப்படாதீங்க மாமி, நம்ம சுல்தான்தான். உடும்பு இல்ல, இகுவானா. அமெரிக்கா பக்கத்துல கீற ஓணான். ஒண்ணும் பண்ணாது. பூரா வெஜிடேரியன்."

அபயாம்பாள் கையை இறக்கினாள். "சைவமா?"

"ஆமா மாமி. பூ, கீரை, பூசணிக்கா. முட்டைகூட எட்டிப் பாக்காது."

"அதுக்கு இருக்கற ஆசாரம் இந்தக் கட்டடத்துல பாதிப் பேருக்கு இல்லை" என்றாள் அபயாம்பாள். தன்னையறியாமல் சிரித்தும்விட்டாள்.

அவன் பேர் காசிம். புனேயிலேயே, போபோடியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். காசிமுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கம்பெனி ஒன்றில் வேலை. மனைவி எஸ்தர், பாலர் பள்ளியில் டீச்சர். அன்றைக்குச் சாயங்காலம் எஸ்தர் மன்னிப்புக் கேட்பதற்காக, சந்தையில் வாங்கின ஒரு முழம் செம்பருத்தி மாலையைக் கொண்டுவந்து வாசலில் நின்றாள். இருவரும் விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள் என்பதும், இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை நின்றுபோய் ஒரு வருஷம் ஆகிறது என்பதும், தனியாக இருந்தபோது ஒரு துணை வேண்டும் என்று வாங்கினதுதான் சுல்தான் என்பதும் வாசற்படியில் நின்றே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அபயாம்பாள் காலையில் பூஜைக்குப் பறித்தது போக இரண்டு பூவைச் செடியிலேயே விட ஆரம்பித்தாள். பிறகு அதற்கென்று ஒரு தட்டு. பிறகு முருங்கைக்கீரை உருவும்போது ஒரு பிடி தனியாக. சுல்தான் காலை வெயில் ஏறியதும் இறங்கி வருவான், தின்பான், தொட்டி மண்ணில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடப்பான். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவனோடு பேசுவாள். பேங்க் மேனேஜர் ஒருத்தர் முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்த அக்கிரமத்தையெல்லாம் சுல்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்பான்.

குளிர்காலம் வந்தது. புனேயில் டிசம்பர் என்றால் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் சுல்தான் பூவைத் தொடவில்லை. அவனுக்குக் குடிக்க வைத்திருந்த எவர்சில்வர் பேசினில் ஏறி உட்கார்ந்து, தண்ணீருக்குள்ளேயே கிடந்தான். மறுநாளும் அப்படித்தான். உடம்பைத் தொட்டி விளிம்பில் தேய்த்தான். பச்சை நிறம் மங்கி, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

அவன் போனபிறகு அபயாம்பாள் பேசினைக் கழுவ எடுத்தாள். அடியில் கறுப்புக் கறுப்பாகப் பொடி. கசகசாவைக் கறுப்புச் சாயத்தில் போட்ட மாதிரி. புகைக்கரி என்று நினைத்துச் சாய்க்கப் போனாள். முப்பது வருஷம் கள்ளநோட்டைத் தேடிப் பழகின கண், சும்மா விடவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு கசகசா நடந்து போனது.

உடனே மாடியேறினாள். அந்தக் கட்டடத்தில் அவள் இன்னொருத்தர் வீட்டு மணியை அடித்தது அதுதான் முதல் தடவை.

"காசிம், உன் சுல்தானுக்கு உண்ணி பிடிச்சிருக்கு."

"தூசியா இருக்கும் மாமி."

"தூசிக்குக் காலிருக்குமோ? அவன் கழுத்துத் தோலைத் தூக்கிப் பாரு."

தூக்கிப் பார்த்தார்கள். தொண்டைத் தோலின் மடிப்பில், அக்குளில், காதுச் சவ்வின் ஓரத்தில், கண்ணைச் சுற்றி, செதிலுக்குச் செதில் இடுக்கில் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். காசிம் கொஞ்சம் வெட்கத்தோடு, "அவ உண்ணிக்காக ஓடல மாமி. மூணு மாசம்" என்றான்.

அபயாம்பாளுக்கு ஒரே நிமிஷத்தில் கவலையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "சர்க்கரை இருக்கா வீட்டுல?" என்று கேட்டாள்.

முதல் வைத்தியம் அவளுடையதுதான். உண்ணி என்றால் வேப்பிலையும் மஞ்சளும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொதிக்க வைத்து, ஆற வைத்து, காசிம் கையால் சுல்தானுக்குத் தலையோடு கால் பூச வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் சுல்தான் எலுமிச்சம்பழ நிறத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். உண்ணிகளும் மஞ்சளாகி, ஆனால் உயிரோடு, அவன் மேல் சுற்றுலா போய்க்கொண்டிருந்தன.

"மஞ்சக் காமாலை வந்தாப்புல கீறான் மாமி" என்றான் காசிம்.

"ஆட்டோ கூப்பிடு. டாக்டர்கிட்டப் போகலாம்."

காய்கறிக் கூடையில் துண்டைப் போட்டு, அதற்குள் சுல்தானை வைத்து, மேலே இன்னொரு துண்டால் மூடிக்கொண்டு ஏறினார்கள். கூடையில் என்ன என்று ஆட்டோக்காரர் மராட்டியில் கேட்டதற்கு அபயாம்பாள் அசராமல் "பாஜி" என்றாள், காய்தான் என்று. பாத்திமாநகர் திரும்புவதற்குள் காயின் வால் வெளியே வந்து ஆட்டோக்காரரின் தோளைத் தட்டியது. மீதி தூரத்தை நடந்தே போனார்கள்.

டாக்டர் பருலேகர் நாய்க்கும் பூனைக்கும் ராணுவக் குதிரைக்கும் வைத்தியம் பார்க்கிற அம்மாள். மஞ்சள் சுல்தானைப் பார்த்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபிறகு, தான் இந்த ஜாதிப் பிராணியை அதிகம் பார்த்ததில்லை என்றும், ஒருநாள் அவகாசம் கொடுத்தால் பம்பாயில் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். சொன்ன மாதிரியே மறுநாள் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து வரை தினமும் ஊற வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற உண்ணி மூழ்கிச் சாகும். ஆனால் அதற்கும் பிழைக்கத் தெரியும். தண்ணீர் ஏற ஏறத் தலைக்கு ஓடிவரும். அங்கே மருந்து அடிக்கக்கூடாது. பஞ்சில் எண்ணெய் தொட்டுக் கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் மெல்லத் தடவினால், மூச்சு முட்டிச் சாகும். உடம்புக்குத் தண்ணீரில் கலந்த மருந்து, அவர் அளந்து கொடுப்பது மட்டும். "இந்த மருந்து ஆமைக்கு விஷம். ஞாபகம் வெச்சுக்கோங்க, ஆமை உயிரே போயிடும்" என்று இரண்டு தடவை சொன்னார். முட்டையை மருந்து கொல்லாது. ஆகவே குஞ்சு பொரிக்கிற கணக்குப் பார்த்து இரண்டு வாரம் கழித்து மறுபடியும். அந்த முட்டையும் பிராணியின் மேலே இருக்காது, கூண்டின் இண்டு இடுக்கில் இருக்கும்.

கடைசியாக, "வீட்டுல கர்ப்பிணி இருந்தா அவங்க இதைத் தொட வேண்டாம். உண்ணிக்காகச் சொல்லல. இந்த மாதிரிப் பிராணி உடம்புல வயித்துக்கு ஆகாத கிருமி இருக்கும்" என்றார்.

வரும் வழியெல்லாம் காசிம் கூடைத் துண்டைச் சரிசெய்துகொண்டே வந்தான். தன் வீட்டு வாசலில்தான் சொன்னான். "கசார்வாடியில நான் வாங்குன கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன் மாமி. நான் காலையில போனா ராத்திரிதான் வர்றேன். எஸ்தரும் தொடக்கூடாது. யார் பாத்துக்குவாங்க?"

உள்ளேயிருந்து எஸ்தர் அழுகிற சத்தம் கேட்டது. அபயாம்பாளுக்கு அது தாங்கவில்லை.

"எங்காத்துல விடு" என்றாள்.

"மாமி, நீங்க... மடியெல்லாம்..."

"பின்னாடி ரூம் சும்மாத்தான கிடக்கு? வெயிலும் வரும். நான் பாத்துக்கறேன். கூடையை இப்படிக் குடு."

இப்படியாக, மனுஷர் நுழையாத வீட்டுக்குள் சுல்தான் நுழைந்தான்.

பின்னறையில் இருந்த மரச் சாமான்களை எல்லாம் வெளியேற்றினாள். தரையில் அச்சடிக்காத வெள்ளைக் காகிதத்தை விரித்தாள். வெள்ளையில் உண்ணி ஓடினால் தெரிந்துவிடும். தினமும் காகிதத்தைச் சுருட்டிப் பையில் கட்டி வெளியே போட்டுவிட்டுப் புதுசு. சூட்டுக்கு ஒரு பல்ப், உட்காருவதற்கு வெந்நீர் ஊற்றிக் கழுவ வசதியான பிளாஸ்டிக் குழாய். எல்லாம் ஏற்பாடாகி, முதல் குளியல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசிம் துணைக்கு வந்தான். வாசலில் நின்று பழக்கப்பட்டவன் சுவரோரமாகவே நடந்து பின்னறைக்குப் போனான்.

சுல்தானுக்கு அந்தக் குளியல் பிடிக்கவில்லை. டப்பில் வைத்ததும் வாலைச் சுழற்றி அடித்தான். அபயாம்பாளின் மூக்குக் கண்ணாடி ஒரு மூலைக்குப் போனது. அவள் இரண்டு கையாலும் அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. குளிர் பட்டால் இந்த ஜந்துவுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"காசிம், அடுப்புல வெந்நீர் இருக்கு. எடுத்துண்டு வா!"

காசிம் ஓடினான். அடுக்களை நிலைப்படியில் அவன் கால் நின்றுவிட்டது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி படங்கள். கோலம்.

"மாமி, உள்ள வரலாமா?"

"வராம எப்படி எடுப்பே? இவன் விறைச்சுப் போறான், ஓடுடா!"

அவன் போய் எடுத்து வந்தான். தண்ணீர் பதமானது. சுல்தானும் சூடு ஏறியதும் சண்டையை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, குற்றாலத்தில் நிற்கிறவன் மாதிரி ஆனந்தமாகக் கிடந்தான். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. உண்ணிகள் வரிசையாகக் கழுத்தேறித் தலைக்கு வந்தன. அபயாம்பாள் பஞ்சில் நல்லெண்ணெய் தொட்டுக் காத்திருந்தாள். "வாங்கோ வாங்கோ, உங்களுக்குத்தான் பண்ணி வெச்சிருக்கேன்" என்று ஒவ்வொன்றாக வரவேற்றாள். காசிம் சிரித்த சிரிப்பு மேல்மாடிவரை கேட்டு, எஸ்தர் பால்கனியிலிருந்து எட்டி, என்ன என்ன என்று கேட்டாள்.

அடுக்களைக்குள் அவன் போய்வந்தது மறுநாள் சாமி விளக்கைத் துடைக்கும்போதுதான் அபயாம்பாளுக்கு நினைவு வந்தது. அந்த இடத்தில் மனசு ஏதாவது சொல்லும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திரியைத் தூண்டிவிட்டு, சாதத்துக்கு உலை வைத்தாள். அன்றைக்கு அரிசியைக் கொஞ்சம் கூடப் போட்டு, ரசத்தையும் சாதத்தையும் எஸ்தருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எது தின்றாலும் குமட்டிக்கொண்டிருந்த பெண், அந்த மிளகு ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.

உண்ணி குறைந்தது. இரண்டாம் தடவை மருந்தும் ஆயிற்று. வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் சுல்தானை வைத்துத் துடைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. பச்சை நிறம் திரும்பியது. செம்பருத்தியைப் பார்த்ததும் ஓடிவந்தான். எல்லாரும் சந்தோஷப்பட்டு அவனை மேல்மாடிக்கு, அவனுடைய பழைய மரக்கூண்டுக்கு அனுப்பிவைத்தார்கள். காசிம் கூண்டை வெந்நீரில் கழுவி, வெயிலில் காய வைத்திருந்தான்.

அபயாம்பாளுக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. ஆனால் அந்தத் துக்கத்தை அனுபவிக்க அதிக நாள் கிடைக்கவில்லை. பத்து நாளில் காசிம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"மறுபடியும் வந்துடுச்சு மாமி."

கூண்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், வெயிலில் கவிழ்த்து, பலகையின் சேர்க்கையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தார்கள். ஒட்டுப்போட்ட விரிசலுக்குள் ஒரு பெரிய ஊரே குடியிருந்தது. வெந்நீர் அங்கே எட்டியிருக்கவில்லை.

"நாம சுல்தானைக் குளிப்பாட்டிண்டிருந்தோம். இதுகள் ஆத்துல சௌக்கியமா இருந்திருக்குகள்" என்றாள் அபயாம்பாள். கூண்டு அன்றே விறகானது. காசிம் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வாங்கி, மூலையெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்து, விரலால் தடவினால் ஓர் இடுக்குகூட அகப்படாத கூண்டு ஒன்றைச் செய்ய ஆரம்பித்தான். சுல்தான் மறுபடியும் பின்னறைக்கு வந்தான். டப், வெந்நீர், பஞ்சு, எண்ணெய். இந்தத் தடவை அவனே டப்பில் ஏறினான்.

ஆனால் அபயாம்பாளுக்கு இன்னொரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டடத்தை விட்டு வெளியே போகாத சுல்தானுக்கு இந்தச் சனியன் முதலில் எங்கிருந்து வந்தது?

"ஞாயித்துக்கிழமை எங்கே போறே நீ?" என்று காசிமைக் கேட்டாள்.

"கசார்வாடிக்கு. துரைசாமி அண்ணன் கடைக்கு. புதுசா பாம்பு, பல்லி ஏதாச்சும் வந்தா கையில வெச்சுப் பாப்பேன்."

"பாத்துட்டு?"

"வீட்டுக்கு வந்து சுல்தானைத் தூக்கிக் கொஞ்சுவேன்."

"அதே சட்டையோட?"

காசிம் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து சட்டம் போடப்பட்டது. கசார்வாடி போய்விட்டு வந்தால் காசிம் யார் வீட்டுக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. நேரே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற குழாயில் தலையோடு குளியல். போட்டிருந்த துணி கொதிக்கிற வெந்நீர் வாளியில். அபயாம்பாள் வேறு துணியைத் தயாராக மடித்து, குச்சியில் மாட்டி, எட்ட இருந்தே நீட்டுவாள். ஜனவரிக் குளிரில் காசிம் பல்லைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு நிற்பான். "காது பின்னாடி தேய்ச்சியா?" என்று அவள் கேட்பாள். எஸ்தர் மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

எதிர்க்கட்டடத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு இந்தக் காட்சியின் ஒரு பாதி மட்டும் தெரிந்தது. அவர்களில் யாரோ ஒருவருக்குக் கட்கியில் உறவு. அந்த உறவுக்குப் போபோடியில் சிநேகம். செய்தி மாறி மாறிப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அபயாம்பாளின் கதவு தடதடவென்று இடிபட்டது.

வாசலில் ஓர் அம்மாள். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல், மூச்சு வாங்க நின்றாள். காசிமின் அம்மா ஜைத்தூன். மகனோடு பேசி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"நீதான் அந்த மடிக்காரம்மாவா? என் புள்ளைய தீட்டுன்னு சொல்லி மாடியில நிக்க வெச்சு, குளிக்க வெச்சு, குச்சியில துணி குடுக்கறியாமே? அவன் இன்னா அநாதையா? கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

சொல்லப்பட்டது அத்தனையும் நிஜம். ஆனால் காரணம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் காரணமும் நிஜமாகவே இருந்திருக்கும் என்று தோன்றியபோது அவளுக்கு முகம் சுட்டது.

"உள்ள வாங்கோ" என்றாள். "வந்து பாருங்கோ. அப்புறம் திட்டுங்கோ."

பின்னறையில் சுல்தான் டப்பில் மிதந்துகொண்டிருந்தான். ஜைத்தூன் "யா அல்லா!" என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். அபயாம்பாள் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, பஞ்சில் ஒட்டியிருந்த ஓர் உண்ணியைக் காட்டினாள். அது எண்ணெயில் எட்டுக் காலையும் உதறிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தான் குளியல். இது உங்க பிள்ளை சட்டையில ஒட்டிண்டு வர்றது. அவனைத் தொட்டா இந்தப் பச்சைக்குத்தான் தீட்டு, எனக்கில்லை."

ஜைத்தூன் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தாள். சுல்தானைப் பார்த்தாள். அபயாம்பாளின் புடவை முந்தானை நனைந்து, கையெல்லாம் எண்ணெய் வழிந்து நிற்கிறதைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று அபயாம்பாள் பயந்தாள். சிரிப்பு! "ஒரு ஓணானுக்காவா... ஒரு ஓணானுக்காவா என் புள்ள குளிரில நிக்கிறான்... சின்ன வயசுல நான் குளிக்கச் சொன்னா போபோடி பூரா ஓடுவானே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அபயாம்பாளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து எஸ்தர் இறங்கி வந்தாள்.

அஞ்சாம் மாசத்து வயிறு. வாசலில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜைத்தூனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எத்தினி மாசம்?" என்று கேட்டாள், குரல் இறங்கி.

"அஞ்சு, அத்தே."

ஜைத்தூன் அவளை நோக்கிப் போகப் பார்த்தாள். அபயாம்பாள் குறுக்கே கையை நீட்டினாள். "சோப்பு அங்கே இருக்கு. கையை நன்னாக் கழுவிண்டு அப்புறம் அவளைத் தொடுங்கோ. டாக்டர் சொல்லியிருக்கார்."

ஜைத்தூன் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டு வந்து, மருமகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "இன்னாம்மா, எலும்பா கீற? துன்றதே இல்லியா?" என்றாள். எஸ்தருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மொட்டை மாடியிலிருந்து ஈரத்தலையோடு இறங்கி வந்த காசிம், தன் அம்மா மாமி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் நம்பரைப் பார்த்தான்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் போபோடியிலிருந்து தூக்குச்சட்டி வந்தது. வளைகாப்பை அபயாம்பாள் தன் கூடத்திலேயே வைத்தாள். கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் சொன்னாள். சோவளே மாவ்ஷி வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று பார்க்கவே பாதிப் பேர் வந்தார்கள். டாக்டர் பருலேகர் வந்து வளையல் அடுக்கிவிட்டு, அப்படியே பின்னறைக்குப் போய் சுல்தானைப் பரிசோதித்து, "சுத்தம்!" என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். புதுக் கண்ணாடிக் கூண்டு மேல்மாடிக்குப் போக வேண்டியது. ஆனால் குழந்தை பிறந்து கொஞ்சம் வளர்கிறவரை கீழேயே இருக்கட்டும் என்று சுல்தானுக்கு அபயாம்பாள் வீடே நிரந்தரமாயிற்று. மழை ஆரம்பித்த வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் எஸ்தர் வீட்டிலிருந்தும் அண்ணன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போனான். அம்மாவும் வருவாள் என்று ஜைத்தூன் அடித்துச் சொன்னாள்.

உண்ணி திரும்பி வரவில்லை. பாத்திமாநகரில் இகுவானா கொண்டுவருகிறவர்களை டாக்டர், "குளிப்பாட்டறது எப்படின்னு அந்த மாவ்ஷிகிட்டக் கேளுங்க" என்று அனுப்ப ஆரம்பித்தார். ஔந்திலிருந்தும் கோத்ருடிலிருந்தும் கூடையோடு ஆட்கள் வந்தார்கள். ஒரு பெண் ஆமையைக் கொண்டுவந்து இந்த மருந்தையே கேட்டபோது, அபயாம்பாள் பாட்டிலைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அவளை நேரே டாக்டரிடம் துரத்தினாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் ஜைத்தூன்தான் சொன்னாள். "வந்த பின்னாடி குளிப்பாட்டறதைவிட, வர்ற இடத்துலயே நிறுத்தணும் மாமி. அந்தத் துரைசாமி கடைக்குப் போயிட்டு வரலாமா?"

கசார்வாடியில், பழைய பம்பாய் ரோட்டோரம், லேத் பட்டறை இரண்டுக்கு நடுவில் இருந்தது கடை. துரைசாமி நல்ல மனுஷர். இரண்டு அம்மாமார்கள் ஆட்டோவிலிருந்து இறங்கிவந்து தன் கடையைச் சோதிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. புதுசாக வருகிறதைப் பழசோடு சேர்க்காதீர்கள், பின்பக்கம் ஓர் அறையில் மாசக்கணக்கில் தனியாக வையுங்கள், பழசுக்கெல்லாம் தீனி போட்டு முடித்த பிறகே அந்த அறைக்குள் போங்கள், போய்வந்தால் கை கழுவுங்கள் என்று அபயாம்பாள் சொல்லச் சொல்ல, அவர் தலையைச் சொறிந்தார்.

"அறை இருக்கு மாமி. கூண்டெல்லாம் மாத்தணும். இப்ப இந்தப் பாம்புக்கு முதல்ல பாக்கணுமே, இதுக்கும் வந்திருக்கு. எனக்கு ஒத்தைக் கை பத்தல."

ஆரஞ்சு நிறத்தில், கைத்தடி நீளத்துக்கு, விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு. தண்ணீர்ச் சட்டியில் சுருண்டு கிடந்தது. தலைப்பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். நடுவை ஜைத்தூன் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே தாங்கினாள். வால் மட்டும் காற்றில் ஆடியது. அபயாம்பாள் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தாள்.

வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை, உலர்ந்து, மெத்தென்று, பட்டுப்புடவையின் சரிகைக்கரை மாதிரி இருந்தது. அதன் உள்ளே மெதுவாக ஓர் அசைவு ஓடி அவள் விரலைச் சுற்றிக்கொண்டது.

"ஐயோ ஜைத்தூன், என்னைப் பிடிச்சுண்டுடுத்து!" என்று கத்தினாள் அபயாம்பாள். லேத் பட்டறைக்காரர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. சிரித்துக்கொண்டே, "எண்ணெயை எடுங்கோ துரைசாமி, கண்ணோரத்துல நான் தடவறேன்" என்றாள்.